க்வாய் பாலம் படம்: காட்சி காட்சியாப் பிரிச்சுப் பார்ப்போம் (அனுபவப் பகிர்வு)

கொட்டகைக்காரன்:

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பற்றித் தமிழில் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அலெக் கின்னஸ் நடிப்பு, விசில் பாட்டு, ஏழு ஆஸ்கர் என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. அதையே நாமும் எழுத வேண்டாம். "சின்ன வயசுல சித்தப்பாவோட பார்த்தேன்" வகைக் கதைகளும் இங்கே வேண்டாம். பாலம் தெரிந்தவர், வெடி தெரிந்தவர், சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வரலாறு படித்தவர், மருத்துவம் தெரிந்தவர்: படத்தில் உங்கள் கண்ணில் பட்டது எது, சரியா தப்பா, ஏன்? அளவும் முறையும் சேர்த்து எழுதுங்கள்.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 1957, டேவிட் லீன் இயக்கம், 161 நிமிடம். இரண்டாம் உலகப் போர்க் காலம், சயாம் காட்டில் ஜப்பானியர் நடத்தும் போர்க் கைதி முகாம். அதிகாரிகள் உடல் உழைப்பு செய்யமாட்டார்கள் என்று கைதிகளின் தலைவரான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் முரண்டு பிடித்து ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு, எதிரிக்கே உருப்படியான ரயில் பாலம் ஒன்றைக் கட்டித் தருகிறார். அதைத் தகர்க்க ஒரு சிறு படை காட்டு வழியே வருகிறது.

முதல் கல்லை நானே போடுகிறேன். நிக்கல்சன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது 1929 ஜெனீவா ஒப்பந்தம். அவர் பிடித்துக்கொள்வது 27-ஆவது பிரிவை. சாதாரணச் சிப்பாயை வேலை வாங்கலாம், சார்ஜென்ட் வகையறாவிடம் மேற்பார்வை மட்டும், அதிகாரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படி அவர் சொல்வது சரி. ஜப்பான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே தவிர ஒப்புதல் கொடுக்கவில்லை. 1942-இல் "பொருந்துகிற அளவுக்குக் கடைப்பிடிப்போம்" என்றதோடு சரி. முகாமின் ஜப்பானியத் தலைவர் சைட்டோ அந்தப் புத்தகத்தாலேயே கர்னலின் முகத்தில் அறைவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நாலு பிரிவு தள்ளி 31-ஆவது பிரிவு இருக்கிறது. கைதிகளுக்குத் தரும் வேலைக்குப் போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது என்கிறது. பர்மா போர்முனைக்குச் சாமான் கொண்டுபோகும் ரயில் பாலத்துக்கு நேராகப் பொருந்துகிற பிரிவு. நிக்கல்சன் அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. யார் மண் சுமப்பது என்பதற்காகத் தகரக் கூண்டில் வெந்து சாகத் தயாராக இருப்பவர், பாலமே கூடாது என்று ஒருமுறைகூடச் சொல்வதில்லை. மொத்தப் படமும் இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் கட்சி.

மீட்டர்கேஜ்:

31-ஆவது பிரிவு விஷயம் நல்ல பிடி. நான் பாலத்துக்கு வருகிறேன்.

படத்தில் ஜப்பானியர் தேர்ந்தெடுத்த இடம் தப்பு. ஆற்றின் அடி சேறு, கம்பம் நிற்காது, கொஞ்சம் கீழே போனால் பாறை கிடைக்கும் என்று கைதிகளில் பொறியாளரான கேப்டன் ரீவ்ஸ் சொல்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது. மரக் கம்பம் இரண்டு வழியில்தான் பாரம் தாங்கும். ஒன்று, முனை கெட்டியான அடுக்கில் போய் உட்கார வேண்டும். இல்லையென்றால் சுற்றியுள்ள மண் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்க வேண்டும். வெறும் சேறு இரண்டுமே செய்யாது. அதனால் கம்பம் அடிக்கும்போது கடைசியாகக் குண்டு விழும் பத்துத் தடவைக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கணக்கு சுருங்கிச் சுருங்கி வந்தால் நிறுத்தலாம். சுருங்காமல் ஒரே அளவில் இறங்கிக்கொண்டே போனால், நீங்கள் பாலம் கட்டவில்லை, மரத்தைப் புதைக்கிறீர்கள். ரீவ்ஸின் வாதம் ஓடுவது இந்த அடிப்படையில்தான். வசனகர்த்தாக்கள் யாரையோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எல்ம் மர வசனமும் அப்படித்தான். பழைய லண்டன் பாலத்தின் எல்ம் கம்பங்கள் 600 வருஷம் நின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். எல்ம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அழுகாது, அது உண்மை. ஆனால் நனைவதும் காய்வதுமாக இருக்கும் நீர்மட்டக் கோட்டில் சீக்கிரம் போய்விடும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் பல அடி ஏறி இறங்கும் சயாம் ஆற்றில் அந்தக் கோடு ஒரே இடத்தில் இருக்காது. 600 வருஷக் கணக்கு அங்கே எடுபடாது. எடுபடவும் தேவையில்லை. போர் முடியும்வரை நின்றால் போதும் என்பதுதான் ஜப்பானியர் கணக்கு. நூற்றாண்டு நிற்க வேண்டும் என்ற ஆசை கர்னலுக்கு மட்டும்.

நிஜ ரயில்பாதையின் மரப் பாலங்கள் படத்தில் வருவது மாதிரி கம்பீரமானவை அல்ல. வரிசையாகக் கம்பம் அடித்து, தலையில் குறுக்குக் கட்டை, இரு பக்கமும் பெருக்கல் குறி போலச் சாய்வுக் கட்டை. அதன்மேல் நீட்டு உத்தரம், சிலிப்பர் கட்டை, தண்டவாளம். இதே சட்டத்தைத் திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டே போவது. படத்துப் பாலத்தில் நடுவில் பெரிதாக விரிந்து நிற்கும் சாய்வுக் கட்டைகள் கேண்டிலீவர் (தூணிலிருந்து இருபுறமும் கை நீட்டி நிற்கும் அமைப்பு) சாயலில் இருக்கும். அகலத் திரைக்கு அதுதான் அழகு. காட்டில் அவசர வேலைக்கு அப்படி யாரும் போகமாட்டார்கள். ஒவ்வொரு மூட்டும் தனி அளவு, தனித் தச்சு வேலை.

கம்பம் அடிக்க இயந்திரம் கிடையாது. சாரம் கட்டி, மேலே கப்பி, அதில் கனத்த இரும்புக் குண்டு. கயிறு பல கிளையாகப் பிரிந்து வரும். பத்து இருபது பேர் ஒரே மூச்சில் இழுத்து, ஒரே மூச்சில் விட வேண்டும். "இச்சி, நி" என்று ஜப்பான் கணக்கில் ஒருவர் எண்ணிக் கொடுப்பார். ஒருவர் அரை நொடி தாமதமாக விட்டால் குண்டு சாய்ந்து விழும். கம்பத்தின் தலை பிளக்கும், அல்லது கம்பமே கோணலாக இறங்கும். கோணலாக இறங்கியதைப் பிடுங்க வழியில்லை. பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

போல்ட்டும் நட்டும் பற்றாக்குறை. பெரும்பாலான மூட்டுகளில் இரண்டு முனையும் மடிந்த இரும்புக் கொக்கியை அடித்து மரத்தோடு மரத்தைப் பிணைத்தார்கள். வெட்டியவுடன் வந்த பச்சை மரம் வேறு. காயக் காயச் சுருங்கும், கொக்கி தளரும், வண்டி ஓட ஓட ஆட்டம் கொடுக்கும். நாசவேலை என்று தனியாகச் செய்யாவிட்டாலும் அந்தப் பாலங்கள் ஆட்டம் கண்டிருக்கும். கைதிகள் அதற்கு மேலும் செய்தார்கள். கரையானைப் பிடித்துவந்து கட்டைகளில் விட்டதும், கான்கிரீட் கலவையைக் கெடுத்ததும் பதிவான விஷயங்கள். படத்தில் நிக்கல்சன் அதையெல்லாம் நிறுத்தி ஒழுங்குபடுத்துகிறார்.

சும்மாவாசகன்:

அப்போ நிஜப் பாலம் மரமா, இரும்பா? காஞ்சனபுரி படங்களில் இரும்புப் பாலம்தானே வருது?

மீட்டர்கேஜ்:

இரண்டும். காஞ்சனபுரியை ஒட்டித் தமர்கான் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலம். மரப் பாலம் 1943 பிப்ரவரி வாக்கில் முடிந்தது. தற்காலிகமாக வண்டி விடத்தான் அது. இரும்புப் பாலம் அதற்குச் சில மாதம் கழித்து. அதன் 11 இரும்புக் கண்களும் (தூணுக்குத் தூண் நடுவில் வரும் பகுதிகள்) புதிதாகச் செய்தவை அல்ல, ஜாவாவில் இருந்த பாலத்தைக் கழற்றிக் கொண்டுவந்தவை. தூண்களுக்கு நம் ஊர் உறைகிணறு மாதிரியான வேலை. கான்கிரீட் வளையத்தை ஆற்றுக்குள் நிறுத்தி, உள்ளே இருக்கும் மண்ணையும் கூழாங்கல்லையும் அள்ள அள்ள வளையம் தன் கனத்திலேயே இறங்கும். மேலே இன்னொரு வளையம் வைப்பார்கள். ஒரு பக்கம் கூடுதலாக அள்ளிவிட்டால் சாயும். சாய்ந்ததை நிமிர்த்துவதில் நாள்கணக்காகப் போகும்.

படம் செய்த பெரிய அநியாயம் இங்கேதான். "ஜப்பானியனுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரன் வந்து சொல்லிக் கொடுத்தான்" என்பது சுத்தக் கற்பனை. வடிவமைப்பும் அளவெடுப்பும் ஜப்பானிய ரயில்வே ரெஜிமென்ட்டுகளின் வேலை. சயாம் பக்கம் 9-ஆவது, பர்மா பக்கம் 5-ஆவது. 415 கிலோமீட்டர் மலைக்காட்டுப் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனையையும் சேர்த்துவிட்டார்கள். என்ன விலையில் சேர்த்தார்கள் என்பது வேறு விஷயம். பொறியியல் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

கொட்டகைக்காரன்:

சைட்டோவையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தமர்கானில் கைதிகளின் மூத்த அதிகாரி லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. நிக்கல்சனுக்கு அவர்தான் மூலம் என்று பலர் நினைத்தார்கள், அவருடைய ஆட்களுக்கு அது கடும் கோபம். டூசி எதிரிக்கு ஒத்துழைத்தவர் அல்ல. அடி வாங்கிக்கொண்டே தன் ஆட்களுக்குக் கொஞ்சம் சோறும் ஓய்வும் பேரம் பேசி வாங்கியவர். அங்கே சைட்டோ என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார், முகாமில் இரண்டாம் நிலை. மற்றவர்களை ஒப்பிட்டால் நியாயமானவர் என்று போருக்குப் பிறகு டூசி அவருக்காகச் சாட்சி சொன்னார். டூசி இறந்தபின் அந்த சைட்டோ இங்கிலாந்து வந்து கல்லறையில் நின்று வணங்கிவிட்டுப் போனார். இதைத் திரைக்கதையில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

களனிக்கரை:

வணக்கம். படப்பிடிப்பு முழுக்க இலங்கையிலதான் எண்டபடியால் அந்தப் பக்கத்தை நான் எழுதுறன்.

பாலம் நிண்டது கித்துல்கலவில், களனி ஆற்றுக்கு மேல. அவிசாவளையிலிருந்து ஹற்றன் போற வீதியில வரும். கைதி முகாம் அங்க இல்லை. அது கொழும்புக்குக் கிட்ட மகரவில் ஒரு பழைய கல்குவாரியில போட்ட செற். படத்தில முகாமில இருந்து நடந்து பாலத்துக்குப் போறாங்கள், உண்மையில இடையில மணித்தியாலக் கணக்கில வாகனம் ஓட வேணும். ஆஸ்பத்திரிக் காட்சி மவுண்ட் லவினியா ஹோட்டல். பிரிட்டிஷ் தலைமையகமாக வாறது பேராதனைப் பூங்கா. அதுவரைக்கும் பொருத்தமான தேர்வுதான், ஏனெண்டால் 1944-இல் மவுண்ட்பேட்டன்ட தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் உண்மையாகவே பேராதனையிலதான் இயங்கினது.

பாலத்தை வடிவமைச்சது ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹஸ்பண்ட் நிறுவனம். ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியைக் கட்டின அதே பொறியியலாளர்கள். நீளம் 425 அடி, உயரம் 90 அடி எண்டு படக்குழு கணக்குச் சொன்னது. இது அட்டைப் பாலம் இல்லை. உண்மையான என்ஜினும் பெட்டிகளும் ஓட வேணும், அதுவும் ஒருக்கால்தான் ஓடும். யானைகள் மரம் இழுத்தது விளம்பரத்துக்கு நல்ல படமாக அமைஞ்சது. ஆனால் அடித்தளம் கொங்கிறீற். அதின்ட அடித்துண்டுகள் இண்டைக்கும் கித்துல்கல ஆற்றுக்குள்ள கிடக்குது. தண்ணி குறைஞ்ச நாளில போனால் தெளிவாகத் தெரியும், வெள்ளம் ஓடேக்க ஒண்டும் தெரியாது.

இனி வெடி. நாள் 1957 மார்ச் 10. பிரதமர் பண்டாரநாயக்கவும் பரிவாரமும் பார்க்க வந்திருந்தவை. ஏற்பாடு இப்பிடி: ஆற்றைச் சுற்றிப் பல கமரா, ஒவ்வொண்டுக்கும் ஒரு ஆள். அவர் கமராவை ஓட விட்டிட்டுப் பாதுகாப்புக் குழிக்குள்ள இறங்கினதும் ஒரு சமிக்ஞை குடுக்க வேணும். எல்லாச் சமிக்ஞையும் வந்தால்தான் லீன் வெடிக்கு உத்தரவு குடுப்பார். என்ஜின் ஓட்டுறவர் நீராவியைத் திறந்து விட்டிட்டுப் பாலத்துக்கு முன்னமே குதிக்க வேணும். அதுக்குப் பிறகு வண்டியை நிப்பாட்ட ஒருத்தரும் இல்லை.

அண்டைக்கு ஒரு கமராக்காரர் இடத்தை விட்டு நேரத்துக்கு வெளிக்கிட முடியேல்லை. அவற்ற சமிக்ஞை வரேல்லை. லீனுக்குக் கிடைச்சது சில நொடி. வெடிச்சால் ஒரு மனுசன் சாகலாம், வெடிக்காட்டி ஆளில்லா வண்டி போய்க்கொண்டே இருக்கும். வெடியை நிப்பாட்டினார். வண்டி பாலத்தைச் சேதமில்லாமல் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நிண்ட ஜெனரேற்றரில மோதினது. இரவோடு இரவாக அதைத் திருத்தி, திரும்ப இழுத்து வந்து வைச்சு, அடுத்தநாள் காலமை வெடிச்சினம். நீங்கள் திரையில பார்க்கிறது அந்த இரண்டாம் நாள்.

இதில கவனிக்க வேண்டினது, பாலம் தகர்க்கிறது கஷ்டமான பகுதியே இல்லை. வண்டி சரியான இடத்துக்கு வாற நொடியும் வெடிக்கிற நொடியும் கமரா ஓடுற நொடியும் ஒண்டாக விழ வேணும். அந்தக் காலத்துக் கமராவுக்குள்ள இருக்கிற பிலிம் சில நிமிசத்தில முடிஞ்சிடும். முந்தித் தொடக்கினால் வெடிக்கேக்க பிலிம் இருக்காது.

திரி:

மேலே சொன்ன அதே பிரச்சினை, மூணு நொடியும் ஒண்ணா விழணும்ங்கிறதுதான், கதைக்குள்ளேயும் இருக்கு. படத்தோட கடைசி அரை மணி நேரத்தை வெடிக்காரன் கண்ணோட பாருங்க.

ராத்திரி தெப்பத்தில் பிளாஸ்டிக் வெடிமருந்தை மிதக்கவிட்டு வந்து, கம்பங்களில் நீர்மட்டத்துக்குக் கீழே கட்டுறாங்க. தண்ணிக்குள்ளே கட்டுறது சரி. மறைவும் கிடைக்கும், தண்ணியோட அழுத்தம் வெடியோட பலத்தை மரத்துப் பக்கம் திருப்பியும் விடும். அங்கிருந்து மின்கம்பி ஆற்றோட்டத்தோடு கீழே போய், ஒரு பாறை மறைவில் இருக்கும் அழுத்துக் கட்டையில் முடியுது. அதுக்குக் காவல் ஜாய்ஸ் என்ற அனுபவமில்லாத பையன்.

விடியும்போது ஆறு வடிஞ்சிருக்கு. கம்பி வெளியே தெரியுது, வெடிப் பொட்டலமும் எட்டிப் பார்க்குது. இது எப்படி? மலைக்காட்டு ஆறுகளில் மேலே மழை நின்னா ஒரே ராத்திரியில் மட்டம் இறங்குறது சாதாரணம். அதனால் ஆற்றில் கம்பி போடுறவன் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, கம்பியை ஓட்டத்தில் தொங்கவிடாம, கல் கட்டி அடியோட படுக்க வைக்கணும். இரண்டாவது, கரையில் ஒரு குச்சி நட்டு மட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அரை மணிக்கு எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சா, விடியலில் எவ்வளவு இருக்கும்னு இருட்டிலேயே கணக்குப் போடலாம், வெடியைக் கீழே தள்ளிக் கட்டலாம். படத்தில் இரண்டும் நடக்கல. மத்தபடி அவங்க மேல பெரிய குத்தம் சொல்ல முடியாது. இருட்டு, ஓட்டம், மேலே காவல்காரன் நடமாட்டம்.

நேரம் வைக்கிற திரியை வச்சிட்டு ஓடிப்போயிருக்கலாமேன்னு கேப்பாங்க. முடியாது. முக்கியப் புள்ளிகள் வர்ற ரயிலோட சேர்த்துத்தான் பாலத்தை எடுக்கணும், ரயில் என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு? அதனால் கையால் அழுத்துற முறைதான். ஆனா மாற்று ஏற்பாடு எதுவுமே இல்லாமப் போனது தப்பு. பியர் பூலின் மூல நாவலில் பாதையில் தனியா இன்னொரு சின்ன வெடி உண்டு. அதில் ரயில் கவிழும், பாலம் நிக்கும். படத்தில் கவிழ்த்தது நிக்கல்சனோட உடம்பு. அடிபட்டுத் தள்ளாடி அழுத்துக் கட்டை மேல விழுறார். வேணும்னு விழுந்தாரா, தானா விழுந்தாரான்னு 60 வருஷத்துக்கும் மேலா சண்டை போடுறாங்க. லீன் அதைத் தெளிவாக் காட்டல, காட்டாததே நல்லது.

மீட்டர்கேஜ்:

ரயிலோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரப் பாலத்தை மட்டும் உடைத்தால் பெரிய பலன் இல்லை. சுற்றிக் காடு, மரம் இலவசம், கைதிகள் இலவசம். மறுபடி நட்டுவிடுவார்கள். நிஜத்திலும் விமானக் குண்டில் அடிபட்ட மரப் பாலத்தைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டார்கள். இரும்புப் பாலத்தில் 1945-இல் மூன்று கண் போனதும் அதை அப்படிச் சரிக்கட்ட முடியவில்லை. ஆனால் ஒரு என்ஜின் போனால் போனதுதான், கடல் வழியே இன்னொன்று வர வேண்டும்.

பால்மரம்:

மலேசியாவிலிருந்து. சொந்தக் கதை வேண்டாம் என்பதால் கணக்கு மட்டும்.

ரயில்பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். அதில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்குக் குறையாது, இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 அளவில், பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள். படத்தில் முகாமிலும் சரி, பாலத்திலும் சரி, அப்படி ஒரு தலைகூட இல்லை.

நியாயமாகச் சொல்வதானால், தமர்கான் பாலத்தில் வேலை செய்தது பெரும்பாலும் கைதிகள்தான். அந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் லீன் மறைத்தார் என்று சொல்ல முடியாது. நம் ஆட்கள் அதிகம் இருந்தது மேலே, பர்மா எல்லைப் பக்கக் காடுகளில். ஆனால் உலகம் அந்த ரயில்பாதையை இந்தப் படத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டது, அதுதான் சிக்கல்.

ஆள் சேர்த்த முறை படிப்படியாக மாறியது. ஜப்பானியர் வந்ததும் ரப்பருக்கு வெளிநாட்டுச் சந்தை அறுந்தது. தோட்டங்கள் படுத்தன, ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்களுக்குச் சம்பளம் நின்றது, அரிசி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நாளுக்கு 1 வெள்ளி (டாலர்), சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றால் முதலில் சிலர் தாமாகவே போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பாததால் அடுத்த தவணைக்கு ஆள் வரவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று நிர்வாகத்திடமும் கங்காணிகளிடமும் கணக்குக் கேட்டார்கள். அதுவும் போதாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றியதாகச் சாட்சியங்கள் உண்டு. படத்தைப் பற்றிப் பேசும் இழையில் இதையும் எழுதி வைக்கிறேன்.

சரக்குப் பெட்டியில் சயாமின் பான் போங் வரை, அங்கிருந்து நடை. கைதிகளுக்கு அதிகாரி உண்டு, மருத்துவர் உண்டு, கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கம் உண்டு. நம் ஆட்களுக்கு இது ஒன்றும் கிடையாது. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லவோ, கொதிக்க வைக்கப் பாத்திரம் கேட்டு ஜப்பானியரிடம் சண்டை போடவோ ஆளில்லை. ஒரே ஆறு, ஒரே அரிசி, ஆனால் மரணக் கணக்கு அவ்வளவு வித்தியாசப்பட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொன்று, தண்டவாளம். மலாயாவின் கிழக்குக் கரை ரயில்பாதையைப் பெயர்த்து எடுத்துத்தான் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டும் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்), அப்படியே பொருந்தும். மலாயாவிலிருந்து இரும்பும் போனது, ஆளும் போனது.

மருந்துப்பெட்டி:

பால்மரம் சொன்னதன் மருத்துவப் பக்கம்.

படத்தில் கைதிகள் ஒல்லியாகவும் கிழிந்த உடையிலும் இருக்கிறார்கள், ஆனால் சதை இருக்கிறது. ரயில்பாதையில் கோணியு, ஹின்டோக் முகாம்கள் பக்கம் 1943 நடுவில் இருந்தவர்களுக்கு அது இல்லை. தீட்டிய அரிசி மட்டுமே உணவு என்றால் சில மாதத்தில் தயமின் குறைந்து பெரிபெரி. ஒரு வகையில் கால் மரத்துப்போகும், இன்னொரு வகையில் உடம்பு நீர்கோத்து வீங்கும். இரண்டாவதை வெளியிலிருந்து பார்த்தால் தேறிவிட்டதைப் போல இருக்கும். முகாம் மருத்துவர்கள் தேடியது மாத்திரையை அல்ல, தவிட்டையும் பயறையும் வாத்து முட்டையையும்தான்.

மூங்கில் கீறல் இன்னொரு எமன். முழங்காலுக்குக் கீழே சின்னச் சிராய்ப்பு, சில நாளில் உள்ளங்கை அகலப் புண். அழுகிய சதையைக் கரண்டி முனையால் சுரண்டி எடுப்பார்கள், மயக்க மருந்து கிடையாது. எலும்பு தெரிய ஆரம்பித்தால் காலை எடுக்க வேண்டியதுதான். நிக்கல்சன் ஆஸ்பத்திரிக்குள் போய் "கொஞ்சம் லேசான வேலை செய்ய முடிந்தவர்கள் வரலாமே" என்று நயமாகக் கேட்கும் காட்சி இருக்கிறதே, படத்தில் எனக்கு மிகக் குளிரான இடம் அதுதான். நிஜத்தில் நோயாளிகளை விரட்டி எழுப்பியது காவலர்கள். இங்கே அதே வேலையை நல்ல மனிதர் ஒருவர் கனிவாகச் செய்கிறார்.

1943 மே மாதம் பருவமழையோடு காலரா வந்தது. அதில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல் மருத்துவத்தில் நிலைபெற்றது அதற்குப் பல வருஷம் கழித்து. அன்றைக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றுவது ஒன்றே வழி. பெட்ரோல் தகரத்தில் ஆற்றுநீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குழாயில் விட்டு, குளிர்ந்த சொட்டைப் பிடித்து, உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டினார்கள். ஸ்டெதஸ்கோப் ரப்பர் குழாய், முனையில் சீவிய மூங்கில். அது நரம்புக்குள் போனது. தடுப்பு இன்னும் கெடுபிடி: சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்காதவனுக்குச் சோறு கிடையாது. 1943 நடுவில் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களை ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அங்கே பெரும்பகுதி முடிந்திருந்தது.

சும்மாவாசகன்:

நடிகர்களில் யாராவது நிஜமா முகாமில் இருந்தவங்க உண்டா?

கொட்டகைக்காரன்:

உண்டு. பெர்சி ஹெர்பர்ட், குரோகன் என்ற சிப்பாயாக வருவார். சிங்கப்பூரில் பிடிபட்டுச் சாங்கி முகாமில் இருந்தவர்.

விசில் பாட்டு பற்றியும் ஒரு வரி, கேட்பார்கள் என்பதால். 'கர்னல் போகி' 1914-இல் கென்னத் ஆல்ஃபர்ட் எழுதிய அணிவகுப்பு இசை. சிப்பாய்கள் அதற்குப் போட்டிருந்த வரிகள் தணிக்கையைத் தாண்டாது, அதனால் விசில். படத்தின் இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் செய்த தந்திரம், அந்த விசிலோடு இழைகிற மாதிரி தன் சொந்த அணிவகுப்பு மெட்டு ஒன்றைப் பின்னால் சேர்த்தது. ஹெட்ஃபோனில் கேட்டால் இரண்டையும் பிரித்துப் பிடிக்கலாம்.

மீட்டர்கேஜ்:

காஞ்சனபுரி போகிறவர்களுக்குச் சில குறிப்பு.

ஆற்றின் பெயரே குழப்பம். 'க்வே' என்றால் கிளையாறு, 'க்வாய்' என்று இழுத்தால் தாய் மொழியில் எருமை. பாலம் நின்றது மே க்ளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் க்வாய் எங்கே என்று கேட்கக் கேட்க, 1960 வாக்கில் அந்தப் பகுதிக்கே க்வே யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

பாலத்தின் மேல் வளைந்த கண்களும், நடுவில் நேர்க்கோடாக இரண்டு கண்களும் தெரியும். வளைந்தவை ஜாவாவிலிருந்து வந்த பழசு. நேரானவை குண்டில் போன மூன்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. மரச் சட்டப் பாலம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசை என்றால் இங்கேயே நின்றுவிடாமல் 'நாம் டோக்' என்ற ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி தாம் கிரசே வரை போங்கள். பாறைச் சரிவை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரச் சட்டத்தின் மேலேயே வண்டி ஊர்ந்து போகும். கட்டைகளை மாற்றியிருக்கிறார்கள், அமைப்பு அதேதான்.

பால்மரம்:

கூடவே ஊருக்குள் வாட் தாவோர்ன் கோயிலுக்கும் போய்விட்டு வாருங்கள். போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக 6,900-க்கு மேல் இருக்கும். தொழிலாளர்களின் எலும்புகள் அந்தக் கோயில் வளாகத்தில் ஒன்றாகக் கிடக்கின்றன, பெயர் கிடையாது. அண்மையில் மலேசியத் தமிழர்கள் அங்கே நடுகல் ஒன்று நாட்டியிருக்கிறார்கள்.

களனிக்கரை:

என்ஜின் பார்க்க விரும்பினால்? கித்துல்கலவில என்ஜின் ஒண்டும் மிஞ்சேல்லை.

மீட்டர்கேஜ்:

நிஜ ரயில்பாதையில் ஓடிய என்ஜின் என்றால் டோக்கியோவில். சி56 வகை, எண் 31. ஜப்பானில் ஓடியதை மீட்டர் கேஜுக்கு மாற்றி அனுப்பினார்கள், 1943-இல் பாதை சேர்ந்த விழாவில் ஓடியது அதுதான். 1979-இல் திரும்ப வாங்கிக்கொண்டு போய், யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் கறுப்பு வண்ணம் பளபளக்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடம் வரை டிக்கெட் கிடையாது.